ஜேடு என்றால் எந்த ஜேடு?

இணையக் கடையில் 'ஒரிஜினல் ஜேடு வளையல்' என்று தேடினால் சில நூறு ரூபாய்க்கும் கிடைக்கும், பல லட்சத்துக்கும் கிடைக்கும். படத்தில் இரண்டும் பச்சை, இரண்டும் பளபளப்பு. விலை குறைந்ததை விற்பவர் பொய் சொல்கிறார் என்று எடுத்த எடுப்பில் சொல்லிவிட முடியாது. 'ஜேடு' என்ற பெயரே அவ்வளவு தளர்வானது. எந்தக் கனிமம், அதற்கு என்ன செய்திருக்கிறார்கள் என்ற இரண்டு கேள்விகளுக்கும் பதில் சேராதவரை அந்தப் பெயரை நம்பிக் காசு கொடுக்கக் கூடாது.

முதலில் கல்லைப் பார்ப்போம். ரத்தினவியலில் ஜேடு என்ற பெயருக்கு உரியவை இரண்டு. ஒன்று நெஃப்ரைட். கால்சியம், மக்னீசியம், இரும்பு கலந்த சிலிக்கேட், ஆம்ஃபிபோல் குடும்பத்தைச் சேர்ந்தது. மற்றது ஜேடைட். சோடியமும் அலுமினியமும் கொண்ட சிலிக்கேட், பைராக்சீன் குடும்பம். வேதியியலில் இரண்டுக்கும் நெருங்கிய உறவு கிடையாது. 1863இல் பிரெஞ்சு வேதியியலாளர் அலெக்சிஸ் தாமூர் பகுத்துக் காட்டும்வரை இரண்டும் ஒரே கல் என்றுதான் ஐரோப்பாவில் நினைத்திருந்தார்கள். ஜேடைட் என்ற பெயரை வைத்தவரும் அவரே.

பெயர் வந்த வழி இன்னும் சுற்றானது. 16ஆம் நூற்றாண்டில் மத்திய அமெரிக்காவுக்குப் போன ஸ்பானியர்கள், அங்குள்ள மக்கள் போற்றி வைத்திருந்த ஒரு பச்சைக் கல்லைக் கண்டார்கள். விலாவுக்கும் இடுப்புக்கும் இடைப்பட்ட பக்கத்தில் வரும் வலிக்கு, அதாவது சிறுநீரக நோவுக்கு, அதை வைத்துக் கட்டினால் குணமாகும் என்ற நம்பிக்கையோடு 'பியெத்ரா தெ இஹாதா' என்று பெயரிட்டார்கள். நம் பேச்சில் சொன்னால் விலாக்கல். செவில் நகர மருத்துவர் நிக்கோலாஸ் மொனார்தெஸ் 1565இல் வெளியிட்ட நூலில் இந்தக் கல்லின் மருத்துவக் குணத்தை எழுதினார். பிரெஞ்சில் அது 'லெஜாத்' ஆகி, முன்னால் இருந்த 'லெ'யை ஆங்கில 'the' போன்ற தனிச் சுட்டுச் சொல் என்று பிரித்ததில் 'ஜாத்' மட்டும் மிஞ்சியது. அதுவே ஆங்கிலத்தில் ஜேடு. லத்தீனில் அதே கல்லைச் 'சிறுநீரகக் கல்' என்ற பொருளில் 'லாபிஸ் நெஃப்ரிட்டிக்கஸ்' என்றார்கள். நெஃப்ரைட் என்ற பெயர் அதிலிருந்து பிறந்தது. மத்திய அமெரிக்காவின் ஜேடு, குவாத்தமாலாவில் மொத்தாகுவா ஆற்றுப் பள்ளத்தாக்கில் கிடைக்கும் ஜேடைட். ஆனால் லத்தீன் பெயரோ ஆசியாவிலும் நியூசிலாந்திலும் கிடைக்கும் வேறொரு கனிமத்துக்குப் போய் ஒட்டிக்கொண்டது.

ஆங்கிலத்தில் இன்னொரு 'ஜேடு' உண்டு. அது உழைத்து ஓய்ந்த, ஒன்றுக்கும் ஆகாத குதிரை. 14ஆம் நூற்றாண்டிலிருந்தே வழக்கில் உள்ள சொல். கல்லின் பெயர் ஆங்கிலத்துக்கு வந்து சேர்ந்ததே 16ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான். சலித்துப்போனவர், எதிலும் மனம் ஒட்டாதவர் என்ற பொருளில் வரும் 'ஜேடட்', குதிரையின் வழி வந்தது. கல்லுக்கும் அதற்கும் தொடர்பில்லை. பழைய ஆங்கில நாடகங்களில் ஒரு பெண்ணை இகழ்ந்து 'ஜேடு' என்று சொல்லும் இடங்களும் இந்தக் குதிரையைத்தான் குறிக்கின்றன. 'ரத்தினம் போன்றவளே' என்று மொழிபெயர்த்தால் வசையே வாழ்த்தாகிவிடும்.

தமிழில் வேறு வகையான இடறல் இருக்கிறது. ஜேடை 'மரகதம்' என்றும் 'பச்சைக்கல்' என்றும் பலர் எழுதிவிடுகிறார்கள். நகைக்கடையில் பச்சைக்கல் என்றால் நவரத்தினத்தில் ஒன்றான, புதனுக்கு உரிய மரகதம். அது பெரில் என்ற கனிமம். ஒற்றைப் படிகமாக வளரும், பட்டை தீட்டினால் ஒளி உள்ளே போய்த் திரும்பும், தட்டினால் எளிதில் விரிசல் விடும். ஜேடு ஒற்றைப் படிகம் அல்ல. கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான படிகங்கள் பின்னிக் கிடக்கும் பாறை. பட்டை தீட்ட மாட்டார்கள். வழுவழுப்பாக மேடு தட்டி எடுப்பார்கள், அல்லது செதுக்குவார்கள். போதாக்குறைக்கு, ஜேடு பச்சையாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. வெள்ளை, கறுப்பு, மஞ்சள், ஊதா எல்லாம் உண்டு. சீனர்கள் காலம்காலமாக உச்சத்தில் வைத்தது வெள்ளை ஜேடைத்தான். ஆகவே தமிழில் 'ஜேடு' என்றே எழுதிவிடுவது நல்லது. புதனுக்கு மரகதம் வாங்க வசதிப்படாதவர்களுக்குப் பச்சை ஓனிக்ஸ், பெரிடாட் போல ஜேடையும் உபரத்தினமாகக் கொடுக்கும் வழக்கம் சந்தையில் இருக்கிறது. அங்கே மாற்றாகக் கொடுக்கிறார்களா, மரகதம் என்றே சொல்லிக் கொடுக்கிறார்களா என்று கேட்டுத் தெளிவது வாங்குபவரின் உரிமை.

கடினம் வேறு, உறுதி வேறு. இந்த வேறுபாடு பிடிபட்டால் ஜேடின் வரலாறே பிடிபடும். கீறலைத் தாங்குவது கடினம். அடியைத் தாங்குவது உறுதி. கனிமங்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் நெஃப்ரைட் 6 முதல் 6.5, ஜேடைட் 6.5 முதல் 7. சாதாரண ஆற்றுமணலில் உள்ள குவார்ட்ஸ் 7. கடினத்தில் ஜேடு ஒன்றும் பெரிய சூரன் இல்லை. உறுதியில் அதற்கு இணை மிகக் குறைவு. தேங்காய் நாரைப் பிரித்து, திசை கலைத்து, கெட்டியாக அழுத்தினால் எப்படி இருக்குமோ அப்படித்தான் நெஃப்ரைட்டின் உள்ளே நுண்ணிழைகள் சிக்கிக் கிடக்கின்றன. ஒரு விரிசல் தொடங்கினால் நேராக ஓட வழி இல்லை. இழைக்கு இழை முட்டி நின்றுவிடுகிறது. வைரம் இதற்கு நேர் எதிர். இன்னொரு வைரம் தவிர வேறெதனாலும் எளிதில் கீற முடியாது, ஆனால் சரியான தளத்தில் ஒரு தட்டு தட்டினால் பிளந்துவிடும்.

இந்த உறுதியால்தான் நியூசிலாந்தின் மாவோரி மக்கள் இரும்பே இல்லாமல் நெஃப்ரைட்டில் வாய்ச்சியும் கைப்போர் ஆயுதமும் செய்தார்கள். அவர்கள் சொல் பௌனமு. அது கனிமவியலின் எல்லைகளுக்குக் கட்டுப்பட்டதல்ல. நெஃப்ரைட்டோடு, ஒளி ஊடுருவும் ஒருவகை செர்பென்டைன் கல்லும் அந்தப் பெயருக்குள் அடங்கும். தென் தீவின் பௌனமு, 1997இல் இயற்றிய சட்டத்தின் வழி ஙாய் தாஹு என்ற மாவோரி குலத்தினரின் உடைமையாக்கப்பட்டது.

ஜேடை 'செதுக்குவது' என்கிறோம், ஆனால் உளி அதில் ஏறாது. தேய்த்துத் தேய்த்துத்தான் உருவம் எடுக்க வேண்டும். ஈரமணலைத் தூவி, நூலையோ மூங்கிலையோ முன்னும் பின்னும் இழுத்து அறுப்பது பழைய முறை. அறுப்பது நூல் இல்லை, அதோடு ஓடும் மணல். ஜேடைவிட மணல் சற்றே கடினம் என்பதால் வேலை நடக்கும், ஆனால் எறும்பு ஊரக் கல் தேய்ந்த கதைதான். பின்னாளில் கார்னெட், குருந்தம் ஆகியவற்றின் தூள் வந்தது. இன்று வைரத்தூள் பூசிய சக்கரம், தண்ணீர் சொட்டச் சொட்ட. ஹாங்சோ நகருக்கு அருகே ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன் செழித்த லியாங்சு பண்பாட்டுக் கல்லறைகளில் கிடைத்த வட்டுகளும் சதுரக் குழல்களும் இந்த மணல் வேலையால் உருவானவை. அவற்றின் மேல் மயிரிழை போன்ற கோடுகளில் முகங்கள் வரைந்திருக்கிறார்கள். எத்தனை நாள் உழைப்பு என்று நினைத்தாலே மலைப்பாக இருக்கிறது.

சீனத்தில் ஜேடுக்கு 'யூ'. நீண்ட காலம் அது நெஃப்ரைட்டையே குறித்தது. இன்றைய சின்ஜியாங்கில் ஹோத்தான் பகுதியில் ஓடும் யுருங்காஷ் ஆற்றின் பெயருக்கே 'வெள்ளை ஜேடு' என்று பொருள். பக்கத்து ஆறு கராகாஷ், 'கறுப்பு ஜேடு'. வெள்ளத்தில் உருண்டு வந்த கூழாங்கற்களை ஆற்றில் இறங்கித் தேடினார்கள். அவற்றில் உயர்ந்த ரகத்துக்கு 'ஆட்டுக்கொழுப்பு' என்று பெயர். நிறம் மட்டும் காரணமில்லை. நெஃப்ரைட்டை மெருகிட்டால் கண்ணாடிப் பளபளப்பு வராது, எண்ணெய் தடவியது போன்ற மினுக்கம்தான் வரும். 1968இல் ஹெபெய் மாகாணத்தின் மான்செங்கில் ஹான் வம்ச அரசகுமாரர் லியூ ஷெங்கின் கல்லறையைத் தோண்டியபோது, தலை முதல் கால் வரை உடலை மூடிய ஜேடு கவசம் கிடைத்தது. 2,498 தகடுகள், ஒவ்வொன்றின் மூலையிலும் துளை, தங்கக் கம்பியால் கோத்தவை. தங்கம் மட்டும் சுமார் 1.1 கிலோ. ஜேடு உடலை அழியாமல் காக்கும் என்று நம்பினார்கள். அதற்குள் உடல் மண்ணாகிப்போயிருந்தது, கவசம் மிஞ்சியது. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக் பதக்கங்களின் பின்புறத்தில் பதித்த வளையமும் ஜேடுதான்: தங்கத்துக்கு வெள்ளை, வெள்ளிக்கு இளம்பச்சை, வெண்கலத்துக்குக் கரும்பச்சை.

முகலாயர்களும் நெஃப்ரைட் பித்தர்கள். 1657ஆம் ஆண்டு பொறித்த ஷாஜகானின் வெள்ளை ஜேடு மதுக்கிண்ணம் இன்று லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பாதிச் சுரைக்காய் போன்ற உடல், பிடிக்கும் இடத்தில் கொம்பு வளைந்த ஆட்டுத் தலை, அடியில் மலரிதழ். விளிம்பு ஒளி கசியும் அளவுக்கு மெல்லியது. வேறு கல்லாக இருந்தால் அந்த மெல்லிய விளிம்பு வேலைப்பட்டறையிலேயே உதிர்ந்திருக்கும்.

ஜேடைட் சீனாவுக்குப் பெருமளவில் வந்தது 18ஆம் நூற்றாண்டில், பர்மாவிலிருந்து. மீன்கொத்திப் பறவையின் இறகு நிறத்தை வைத்து அதை 'ஃபெய்ட்சுய்' என்றார்கள். பர்மிய மொழியில் அதற்கான சொல்லின் நேர்ப்பொருள் 'பச்சைக் கல்'. உலகின் தலைசிறந்த ஜேடைட் இன்றும் மியன்மாரின் கச்சின் மாநிலத்தில் பாகாண்ட் சுரங்கங்களில் இருந்துதான் வருகிறது. பச்சையில் ஆழ்ந்து, ஒளி ஊடுருவும் ரகத்துக்கு 'இம்பீரியல்' என்று பெயர். அந்த நிறத்தைத் தருவது மிகச் சிறிதளவு குரோமியம். 2014இல் ஹாங்காங் ஏலத்தில் 27 மணிகள் கோத்த ஒரு ஜேடைட் மாலை சுமார் 2.74 கோடி அமெரிக்க டாலருக்குப் போனது. அதே பாகாண்டில் 2020 ஜூலை 2 அன்று மழையில் சுரங்கக் கழிவு மேடு சரிந்து, மிச்சமீதிக் கல்லைப் பொறுக்கிக்கொண்டிருந்த 170க்கும் மேற்பட்டவர்கள் சேற்றில் புதைந்து இறந்தார்கள். இந்தக் கல்லைப் பற்றி விலையை மட்டும் எழுதிவிட்டுப் போவது நியாயமாகாது.

பாகாண்ட் பாறைகளுக்கு மேலே பழுப்புத் தோல் ஒன்று உண்டு. உள்ளே என்ன நிறம் என்று வெளியே தெரியாது. ஓரிடத்தில் தோலைச் சீவி ஒரு 'ஜன்னல்' திறந்து காட்டுவார்கள். அதை நம்பி முழுப் பாறையை வாங்குவது சூதாட்டத்துக்குச் சமம். பச்சை தெரியும் ஒரே இடத்தில் ஜன்னல் திறந்திருக்கலாம்.

கடைக்கு வருவோம். ஜேடைட்டை வணிகர்கள் ஏ, பி, சி என்று பிரிக்கிறார்கள். இது தரவரிசை என்று நினைத்து ஏமாறுபவர்கள் அதிகம். கல்லுக்கு என்ன செய்திருக்கிறார்கள் என்பதை மட்டுமே இது சொல்கிறது. ஏ: வெட்டி, மெருகிட்டு, மெழுகு தேய்த்ததோடு சரி. மங்கலான, விலை குறைந்த கல்லும் ஏ வகையாக இருக்கலாம். பி: அமிலத்தில் ஊறவைத்துப் பழுப்புக் கறையை எடுத்து, அதனால் படிகங்களுக்கு நடுவே விழுந்த இடைவெளிகளில் பிசின் ஏற்றியது. வாங்கும்போது கண்ணாடி போல் இருக்கும். ஆண்டுகள் போகப் போகப் பிசின் மஞ்சளிக்கும். அமிலம் ஏற்கெனவே உள்பிணைப்பைத் தின்றுவிட்டதால் ஜேடின் சொத்தான உறுதியும் போயிருக்கும். சி: சாயம் ஏற்றியது. பி, சி இரண்டும் சேர்ந்ததும் உண்டு. 10 மடங்கு உருப்பெருக்கியில் பார்த்தால், இயற்கைப் பச்சை படிகங்களுக்குள்ளேயே கரைந்து பரவியிருக்கும். சாயப் பச்சை விரிசல் ஓடும் வழியெல்லாம் வேர்போலத் தேங்கி நிற்கும். பி வகையின் மேற்பரப்பில் சிலந்திவலை போன்ற நுண்கோடுகள் தெரியலாம். ஆனால் நன்றாகச் செய்த பி வகையை உறுதியாகப் பிடிக்க அகச்சிவப்பு நிறமாலைக் கருவிதான் வேண்டும்.

அடுத்தது ஊர்ப்பெயர் ஒட்டிய ஜேடுகள். 'இந்தியன் ஜேடு' என்பது அவென்சுரின். குவார்ட்ஸுக்குள் பச்சை மைக்காத் துணுக்குகள். உருப்பெருக்கியில் தட்டையான செதில்கள் மினுங்கினால் அதுதான். 'மலேசியன் ஜேடு' சாயமேற்றிய குவார்ட்சைட், அதாவது குவார்ட்ஸ் பாறை. 'ஆஸ்திரேலியன் ஜேடு' கிரைசோபிரேஸ், 'டிரான்ஸ்வால் ஜேடு' ஒருவகைக் கார்னெட், 'நியூ ஜேடு' செர்பென்டைன். அழகில் குறைந்தவை என்று யாரும் சொல்லவில்லை. கிரைசோபிரேஸ் தன் பெயரிலேயே மதிப்புள்ள கல். ஜேடு விலையில் வாங்கக் கூடாது, அவ்வளவுதான். முகத்தில் உருட்டும் ஜேடு ரோலர்களிலும் பெரும்பாலும் இந்த மாற்றுக் கற்களே இருக்கின்றன. குளிர்ச்சி எந்தக் கல்லுக்கும் உண்டு.

கத்தியால் கீறிப் பார்ப்பது, கன்னத்தில் வைத்துக் குளிர்ச்சி பார்ப்பது எல்லாம் பெரிதாக உதவாது. சாயமேற்றிய குவார்ட்சைட் ஜேடைவிடக் கடினம் என்பதால் கத்திச் சோதனையில் போலி தேறிவிடும். வீட்டிலேயே ஓரளவு நம்பிச் செய்யக்கூடியது அடர்த்திச் சோதனை. 0.1 கிராம் துல்லியம் உள்ள சிறு டிஜிட்டல் தராசு வேண்டும். வளையலை அப்படியே எடை போடுங்கள், 50.0 கிராம் என்று வைத்துக்கொள்வோம். பிறகு அகன்ற கண்ணாடிக் குவளையில் தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்து, அளவைச் சுழியாக்குங்கள். வளையலை மெல்லிய நைலான் நூலில் கட்டி, தண்ணீரில் முழுதும் மூழ்கும்படி, அடியையோ பக்கத்தையோ தொடாமல் கையால் தொங்கவிடுங்கள். இப்போது தராசு காட்டுவது கல் விலக்கிய தண்ணீரின் எடை. 50ஐ அந்த எண்ணால் வகுத்தால் அடர்த்தி. 15.0 காட்டினால் 3.33, ஜேடைட்டுக்குப் பொருந்தும். 16.9 காட்டினால் 2.96, நெஃப்ரைட்டுக்குப் பொருந்தும். 18.9 காட்டினால் 2.65, அது குவார்ட்ஸ், கடைக்காரர் என்ன சொன்னாலும் ஜேடு ஆகாது.

தவறு எங்கே வரும்? கல்லில் காற்றுக் குமிழி ஒட்டியிருந்தால் தண்ணீர் அதிகம் விலகி அடர்த்தி குறைவாக வரும். ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் கலந்து, கல்லை நனைத்து ஆட்டினால் குமிழி போகும். கல் அடியில் பட்டால் அதன் எடையும் சேர்ந்து கணக்கே கெடும். பொன், வெள்ளிப் பூண் கட்டிய நகைக்கு இது பயன்படாது. 2 கிராம் மணியில் ஜேடைட்டுக்கும் நெஃப்ரைட்டுக்கும் உள்ள வித்தியாசம் 0.08 கிராம்கூட வராது, அதற்கு 0.01 துல்லியத் தராசு தேவை. முக்கியமாக, இந்தச் சோதனை 'இது ஜேடு அல்ல' என்பதைத்தான் அழுத்திச் சொல்லும். பிரெனைட் என்ற வேறொரு கனிமம் நெஃப்ரைட்டின் அடர்த்தியிலும், ஐடோகிரேஸ் என்ற கனிமம் ஜேடைட்டின் அடர்த்தியிலும் வந்து விழும். ஏ வகையா பி வகையா என்பதையும் தராசு சொல்லாது.

ஆகவே விலை கூடிய கல்லென்றால் ஆய்வகச் சான்றிதழ் இல்லாமல் வாங்காதீர்கள். சான்றிதழிலும் பெரிய எழுத்தில் உள்ள தலைப்பை விட்டுவிட்டுக் கனிமத்தின் பெயர் உள்ள வரியைப் படியுங்கள். 'இயற்கையான கல்' என்ற சொல்லுக்கு மயங்க வேண்டாம். சாயமேற்றிய குவார்ட்சைட்டும் பூமியில் கிடைத்த கல்தான். ஜேடைட் அல்லது நெஃப்ரைட் என்ற சொல் இருக்க வேண்டும். நிறமேற்றல், பிசின் ஏற்றல் பற்றிய குறிப்பு தனியாக இருக்க வேண்டும். எடையும் அளவும் கையில் உள்ள கல்லோடு ஒத்துப்போக வேண்டும். 'ஹோத்தான் ஜேடு' என்று சீனச் சான்றிதழில் இருந்தால், அது ஹோத்தானில் எடுத்தது என்று பொருளாகாது. சீனத் தரவிதிப்படி எங்கே எடுத்த நெஃப்ரைட்டையும் அப்படிக் குறிக்கலாம்.

'ஜேடு செடி' என்று நர்சரிகளில் விற்பதிலும் இதே பெயர்க் குழப்பம் உண்டு. உண்மையான ஜேடு செடி தென்னாப்பிரிக்காவின் கிராசுலா ஓவேட்டா; இலை கட்டை விரல் நுனியளவுக்கு மேல் பெரிதாக, தடித்து, பளபளக்கும். நம் ஊரில் அந்தப் பெயரில் பரவலாகக் கிடைப்பது சின்ன வட்ட இலையும் சிவந்த தண்டும் கொண்ட போர்ட்டுலகேரியா ஆஃப்ரா. அதுவும் தென்னாப்பிரிக்கச் செடிதான், குடும்பம் வேறு. இரண்டுக்கும் மண் நன்றாகக் காய்ந்த பிறகே தண்ணீர் விட வேண்டும். தினமும் ஊற்றினால் வேர் அழுகும்.

சிங்கப்பூர், மலேசியத் தமிழர்கள் அக்கம்பக்கத்துச் சீனப் பாட்டிமார் கையில் நிறையப் பார்ப்பது முழுவட்ட ஜேடு வளையல். அதற்குப் பூட்டு கிடையாது, விரியவும் விரியாது. கட்டை விரலை உள்ளங்கைக்குள் மடக்கி, விரல் முட்டிகளின் அகலமான இடத்தைச் சுற்றி நூலால் அளந்து 3.14ஆல் வகுத்தால் வளையலின் உள்விட்டம் கிடைக்கும், 18 செ.மீ. என்றால் ஏறக்குறைய 57 மி.மீ. கையில் சோப்பு நுரை தடவி, மெல்லிய பிளாஸ்டிக் பையைக் கையுறை போலப் போட்டு அதன் மேல் வளையலை வழுக்கி ஏற்றுங்கள். மெத்தை மேலோ, தரையில் துண்டு விரித்து அதன் மேலோ கையை வைத்துச் செய்யுங்கள். என்ன உறுதியான கல்லானாலும் மொசைக் தரையில் விழுந்தால் வளையல் தெறித்துவிடும். வாங்கும் முன் வளையலை வெளிச்சத்தில் பிடித்து மெல்லச் சுற்றிப் பாருங்கள். உள்ளே தெரியும் கோடு நகத்தில் தட்டுப்படாவிட்டால் பெரும்பாலும் பழைய, ஆறிய கல்வரி. நகம் சிக்கினால் விரிசல். அதை எந்த விலைக்கும் எடுக்காதீர்கள்.